காலிக் கட்டம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு எக்செல் தாளில் ஒரே ஒரு வரியை அழித்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் இன்னும் உறுத்துகிறது.

அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவர், அடுத்தவர் கிளவுடுக்கு மாதாமாதம் வாடகை கட்டிச் சலித்துப்போய், சொந்தமாக டேட்டா சென்டர் கட்டினால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தார். கட்ட எவ்வளவு, ஓட்ட எவ்வளவு, போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும் என்று முதல்கட்டமாக ஒரு மதிப்பீடு வேண்டும். நான்கு பேர் உட்கார்ந்தோம். நிலம், கட்டடம், மின்மாற்றி, யுபிஎஸ், டீசல் ஜெனரேட்டர், குளிரூட்டும் கருவிகள், தீயணைப்பு, ஃபைபர், காவல், ஆட்கள் சம்பளம், மின்கட்டணம், தண்ணீர் லாரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, எதிரே ஓர் எண்.

கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: ‘தண்ணீர் – சுற்றுவட்டாரம்’. லாரிக்காரருக்குக் கொடுக்கும் காசு ஏற்கெனவே மேலே இருந்தது. இது வேறு. அந்தத் தண்ணீர் போன பிறகு பக்கத்து ஊர் போர்வெல் எத்தனை அடி கீழே போகும், அந்தச் செலவை யார் ஏற்பார்கள் என்பது. எதிரே போட என்னிடம் எண் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன்.

என் மேலாளர் நல்ல மனிதர். தாளைப் பார்த்துவிட்டு, “நம்பர் இல்லாத லைன் எதுக்குப்பா? கேள்வி வரும், எடுத்துரு,” என்றார். எடுத்துவிட்டேன். கீழே இருந்த மொத்தத் தொகை ஒரு பைசாகூட மாறவில்லை.

அது மாறாமல் இருந்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது. எக்செல்லில் ஒரு நெடுவரிசையைக் கூட்டச் சொன்னால், காலிக் கட்டங்களை அது சத்தமில்லாமல் தாண்டிப் போகும். கூட்டலுக்குக் காலியும் பூஜ்யமும் ஒன்றுதான். ஆனால் டேட்டாபேஸ் படிக்கிற எவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம், ‘நல்’ வேறு, சைபர் வேறு என்பது. சைபர் என்றால் ஒன்றுமில்லை என்று நமக்குத் தெரியும். நல் என்றால் நமக்குத் தெரியாது. முன்னது ஒரு விடை, பின்னது ஒரு கேள்வி. கேள்வியை விடையாக எண்ணிக் கூட்டிவிட்டு, மொத்தத்தைத் தடித்த எழுத்தில் போடுகிறோம்.

இது வெறும் கணக்குப் பிழையா, அல்லது அறப்பிழையா?

*

முதலில் கணக்கையே பார்த்துவிடலாம். இது ரகசியம் ஒன்றுமில்லை. பின்வரும் அனுமானங்களை மாற்றி நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

டேட்டா சென்டரைச் சதுர அடியில் அளக்க மாட்டார்கள், மெகாவாட்டில் அளப்பார்கள். சர்வர்களுக்கு எவ்வளவு மின்சாரம் கொடுக்க முடியும் என்பதுதான் அதன் அளவு. 10 மெகாவாட் மையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்றைய அளவில் இது சின்னது. சர்வர் இல்லாமல், கட்டடமும் மின்சார, குளிரூட்டும் கருவிகளும் மட்டும் சேர்த்து மெகாவாட்டுக்கு 60 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 600 கோடி.

அடுத்து ஓட்டுவது. முழுச் சுமையில் எப்போதும் ஓடாது, சராசரி 70 சதவீதம் என்று வைப்போம். அதாவது 7 மெகாவாட். சர்வர் தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். அதை வெளியேற்றவும் மின்சாரம் வேண்டும். மையத்துக்குள் போகும் மொத்த மின்சாரத்தைச் சர்வருக்குப் போகும் மின்சாரத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பியுஇ என்று பெயர். கூகுள் தன் மையங்களில் அது 1.1 அளவில் இருப்பதாகச் சொல்கிறது. உலகச் சராசரி 1.5-க்கு மேல். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் எங்கள் ஊர்ப்பக்கம் 1.5 என்று வைப்பது ஒன்றும் அநியாயம் இல்லை. 7 மெகாவாட் 10.5 ஆகிறது. வருடத்துக்கு 8,760 மணி நேரம். பெருக்கினால் சுமார் 9.2 கோடி யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் வருடத்துக்கு 74 கோடி. எட்டு வருட மின்கட்டணம், கட்டிய செலவுக்குச் சமம். மாதம் 100 யூனிட் எரிக்கும் வீடுகள் என்று பார்த்தால், சுமார் 76 ஆயிரம் வீடுகளின் மின்சாரம்.

இதுவரை எல்லாம் எண்கள். ஆனால் எண்களுக்குள்ளேயே முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு சர்வர் எத்தனை வருடம் உழைக்கும்? கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2023-இல் தன் சர்வர்களின் ஆயுளை நான்கு வருடத்திலிருந்து ஆறு வருடமாகக் கணக்கில் மாற்றியது. அந்த ஒரு மாற்றத்தில் அந்த வருடத் தேய்மானச் செலவு 300 கோடி டாலருக்கும் மேல் குறைந்தது. ஒரு திருகாணிகூடக் கழற்றப்படவில்லை. எதிர்த்திசையில் அமேசான் 2025-இல் தன் சர்வர்களில் ஒரு பகுதிக்கு ஆறு வருடத்தை ஐந்தாகக் குறைத்தது. இரண்டுமே முறையாக வெளியில் அறிவித்துச் செய்தவை, ஏமாற்று வேலை கிடையாது. ஆனால் ‘எத்தனை வருடம்’ என்ற கேள்விக்கு இயற்கை விடை தருவதில்லை, நாம்தான் தருகிறோம் என்று இதிலிருந்து தெரிகிறது.

எங்கள் தாளில் பத்து வருடம் என்று போட்டிருந்தோம். பதினோராவது வருடம் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்பது எங்கள் கேள்வியாக இல்லை. எங்கள் பக்கத்து வாடிப்பட்டி வயல்களுக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணைக்கான ஒப்பந்தம் 1886-இல் கையெழுத்தானது. 999 வருடக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். நாங்கள் பத்து வருடத்தோடு கண்ணை மூடிக்கொண்டோம். அவர்கள் ஆயிரம் வருடத்துக்கு ஒரே விலையைப் போட்டார்கள். அந்த 5 ரூபாயை 1970-இல் 30 ஆக மாற்ற வேண்டி வந்தது. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே வாதம் இன்றும் ஓயவில்லை. மதிப்பீட்டில் பேர் இல்லாதவர்கள் பின்னால் ஒருநாள் வந்து கதவைத் தட்டத்தான் செய்வார்கள்.

*

எனக்கு ஊர் சமயநல்லூர். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், பரவை தாண்டினால் வரும். ரயில் நிலையம் உண்டு, நான்குவழிச் சாலை உண்டு. 2001-இல் ஒரு மின்நிலையமும் வந்தது. கனத்த எண்ணெயை எரித்துப் பெரிய இயந்திரங்களை ஓட்டி மின்சாரம் எடுக்கும் தனியார் நிலையம், 106 மெகாவாட். உற்பத்தியான மின்சாரத்தைத் தமிழ்நாடு மின்சார வாரியம் வாங்கிக்கொண்டது. பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே போவோம். நம்ம ஊரில் கரண்ட் தயாராகிறது என்று சின்னதாக ஒரு பெருமை.

அந்தக் காலத்துத் தனியார் மின் ஒப்பந்தங்களில் விலைக்கு இரண்டு பகுதி உண்டு. ஒன்று, எரித்த எண்ணெய்க்கு. மற்றது, நிலையான கட்டணம். வாரியம் மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நிலையம் தயாராக இருந்தால் அதற்குக் காசு. வாடகைக் காருக்கு வெயிட்டிங் சார்ஜ் கொடுப்பதுபோலத்தான். கேட்டவுடன் கோபம் வரும், ‘சும்மா நிற்பதற்குக் காசா?’ என்று. ஆனால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. தயாராக இருப்பது ஒரு வேலை. அதற்கு முதலீடு வேண்டும், ஆள் வேண்டும், பராமரிப்பு வேண்டும்.

டேட்டா சென்டர் விற்பதும் கிட்டத்தட்ட இதே சரக்குதான். அதன் கட்டுமானச் செலவில் கணிசமான பகுதி சும்மா நிற்பதற்குத்தான் போகிறது. கரண்ட் போனால் சில நிமிடம் தாங்க பேட்டரி. அதற்குள் முழித்துக்கொள்ள டீசல் ஜெனரேட்டர். ஒரு ஜெனரேட்டர் பழுதானால் இன்னொன்று. தரவரிசையில் மூன்றாம் அடுக்கு என்று சொல்லப்படும் மையம் 99.982 சதவீத நேரம் ஓட வேண்டும். வருடத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் மட்டுமே நிற்கலாம். நான்காம் அடுக்கில் அது 26 நிமிடம்.

2012-ஐ நினைத்துக்கொள்கிறேன். நான் இன்ஜினியரிங் முடித்த வருடம். தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை உச்சத்தில் இருந்தது. சென்னைக்கு மின்வெட்டு இரண்டு மணி நேரம். எங்களுக்குப் பத்து, பன்னிரண்டு, சில நாள் அதற்கும் மேல். எங்கள் வீட்டின் அப்டைம் 50 சதவீதம் என்று நண்பர்களிடம் ஜோக் அடிப்பேன். மின்நிலையத்துக்குப் பக்கத்து ஊரிலேயே இருட்டு. அதிலே சதி ஒன்றும் இல்லை. மின்சாரம் பக்கத்து வீட்டுக்கு வராது, தொகுப்புக்குப் போகும், அங்கிருந்து பங்கு பிரிந்து வரும். பங்கு பிரிப்பதில் யாருக்கு இரண்டு மணி, யாருக்குப் பன்னிரண்டு மணி என்று ஒரு மனித முடிவு இருந்தது, அவ்வளவுதான்.

அப்பா மாவு மில் வைத்திருந்தார். மில் நின்றால் பிழைப்பு நின்றுவிடும். கடன் வாங்கி ஒரு பழைய டீசல் இன்ஜின் போட்டார். அரைக்கும் கூலியில் கிலோவுக்குக் கொஞ்சம் ஏற்றினார். “டீசல் கூலி தனி,” என்று சிலேட்டில் எழுதி மாட்டினார். பெரிய ஆலைகளும் அதைத்தான் செய்தன. உயரழுத்த இணைப்பு வைத்திருந்த தொழிற்சாலைகளுக்கு 40 சதவீதம் வரை மின்வெட்டு இருந்தது. அவை டீசல் எரித்தன, அந்தச் செலவைத் தங்கள் சரக்கின் விலையில் ஏற்றின. டேட்டா சென்டர்களும் அப்படியே.

அம்மாவுக்கு அந்த வசதி இல்லை. எங்கள் பக்கம் ராத்திரி இரண்டு மணிவாக்கில் கரண்ட் வரும். மூன்று மணிக்குப் போய்விடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்ப வேண்டும், கிரைண்டரில் இட்லி மாவு ஆட்ட வேண்டும். கரண்ட் எப்போது வரும் என்று சரியாகத் தெரியாததால் சாமி படத்துப் பக்கத்துச் சிவப்பு பல்பை எரியவிட்டே படுப்பார். அது எரிந்தால் எழுந்துகொள்வார். அரைத்தூக்கம்தான். தயாராக இருத்தல். மாதக்கணக்கில் அம்மா எங்கள் வீட்டு ஜெனரேட்டராக இருந்தார், நிலையான கட்டணம் இல்லாமல்.

எனக்கு இதைப் புரிந்துகொள்ளப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. கஷ்டம் ஊருக்கே பொதுவாகத்தான் இருந்தது. அதை அடுத்தவர்மேல் ஏற்ற ஒரு ரசீது வைத்திருந்தவர்கள், வைத்திராதவர்கள் என்பதில்தான் வித்தியாசம். அப்பாவிடம் சிலேட்டு இருந்தது. ஆலைகளிடம் இன்வாய்ஸ் இருந்தது. அம்மாவிடம் தூக்கம் மட்டும் இருந்தது. அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மதிப்பீட்டுத் தாள் என்பது ரசீது வைத்திருப்பவர்களின் பட்டியல். இல்லாதவர்களுக்கு அதில் கட்டமே இருக்காது. இருந்தாலும் காலியாக இருக்கும். காலியாக இருந்தால், என்னைப் போல ஒருவன் வந்து அழித்துவிடுவான்.

*

நான் அழித்த வரிக்கு உண்மையிலேயே எண் போட முடியாதா? கொஞ்சம் முயன்றிருந்தால் பாதியாவது போட்டிருக்கலாம் என்பதுதான் வெட்கம்.

ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வேண்டும். ஆக, ஒரு யூனிட் வெப்பத்தைத் தண்ணீரை ஆவியாக்கியே வெளியேற்ற ஒன்றரை லிட்டர் தண்ணீர் தேவை. 7 மெகாவாட் சர்வர்கள் ஒரு நாளில் வெளியிடுவது 1,68,000 யூனிட் வெப்பம். எனவே ஒரு நாளைக்கு இரண்டரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் 21 லாரி. பிளஸ் டூ இயற்பியல்தான் இது.

எல்லா மையங்களும் இப்படித் தண்ணீரை ஆவியாக்குவதில்லை. காற்றாலேயே குளிர்விக்கும் முறை இருக்கிறது. தண்ணீர் மிச்சம், ஆனால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். பியுஇ ஏறும். அந்தக் கூடுதல் மின்சாரம் அனல்மின் நிலையத்திலிருந்து வந்தால், அங்கேயும் தண்ணீர் ஆவியாகத்தான் செய்யும். வேறொரு ஊரில், வேறொருவர் கணக்கில். பொறியாளர்கள் இதை ‘டிரேட் ஆஃப்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறோம் என்று அர்த்தம். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள்தானா என்று அந்த வார்த்தை கேட்பதில்லை.

2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டன. பழைய மகாபலிபுரம் சாலை ஐடி கம்பெனிகள் சில, ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னதெல்லாம் செய்தியில் வந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். நம் கற்பனை மையம், ஆவியாக்கும் முறையில் ஓடினால், அந்த ரயிலைப் பத்து நாளில் குடித்து முடித்துவிடும். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. ஒரு ரயில் தண்ணீர் என்பது நாம் கண்ணால் பார்த்த ஓர் அளவு. அந்த அளவை அந்தத் தாளில் போட்டிருக்கலாம்.

இது சென்னையோடு நிற்கும் விஷயமும் இல்லை. கடலடி கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் மையங்கள் சென்னையில் குவிந்தன. 2021-இல் தமிழ்நாடு அரசு டேட்டா சென்டர்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. 2025 அக்டோபரில் கூகுள் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது, ஒரு கிகாவாட் அளவில். சமயநல்லூர் மின்நிலையம் போல ஒன்பது, பத்து நிலையங்கள் சேர்ந்து ஊட்ட வேண்டிய அளவு அது. ஒளி ஃபைபரில் ஒரு நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மதுரையிலிருந்து சென்னை போய்த் திரும்ப ஐந்து மில்லிநொடி போதும். நிலமும் மின்பாதையும் நெடுஞ்சாலையும் கிடைத்தால் எங்கள் ஊர்ப் பொட்டல்வெளியிலும் ஒன்று வரலாம். வந்தால் நான் எதிர்ப்பேனா என்று கேட்டால், தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். அம்மாவின் வங்கிக் கணக்கும் ரேஷன் விவரமும், ஞாயிற்றுக்கிழமை நான் அவர் முகத்தைப் பார்க்கும் வீடியோ காலும் ஏதோ ஒரு சென்டருக்குள்ளேதான் ஓடுகின்றன. நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையும் அங்கேதான் இருக்கிறது. என் சம்பளமும் அங்கிருந்துதான் வருகிறது.

*

இந்த இடத்தில் எனக்கு ஜே.சி. குமரப்பா ஞாபகம் வருகிறார். காந்தியப் பொருளாதார அறிஞர் என்று அவரைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்திருப்போம். அவர் அடிப்படையில் ஒரு கணக்கர். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கை அலுவலகம் நடத்தியவர். கடைசிக் காலத்தில் எங்கள் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வாழ்ந்து, 1960-இல் மதுரையில் இறந்தார். குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடுவீடாக வரவு செலவு எடுத்தவர் அவர். அரசின் நிலவரிக் கணக்கு ஒரு பக்கம். அந்த வரியைக் கட்டும் குடும்பத்தின் கணக்கு இன்னொரு பக்கம். இரண்டாவதை அவர் எழுதினார். கட்டமே இல்லாதவர்களுக்குக் கட்டம் போட்டார் என்று சொல்லலாம்.

1945-இல் வெளிவந்த அவருடைய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் இயற்கையிலிருந்தே உதாரணம் எடுத்து வகைபிரிக்கிறார். இருக்கும் மரத்தை உறிஞ்சி அதையே கொல்லும் ஒட்டுண்ணி ஒரு முனை. பிரதிபலன் பாராமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை மறுமுனை. நடுவில் மற்றவை. தேங்கியிருப்பதை எடுத்துச் செலவழிப்பதையும், ஓடிவருவதைப் பயன்படுத்துவதையும் அவர் வேறுபடுத்திப் பார்த்தார். நிலக்கரியும் எண்ணெயும் தேக்கம், எடுத்தால் குறையும். ஆறும் காற்றும் ஓட்டம். ‘நூறு சதவீதம் பசுமை மின்சாரம்’ என்று மையங்கள் அறிவிக்கும்போது இந்த வித்தியாசத்தை நினைத்துக்கொள்வேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று வைகாசியிலிருந்து புரட்டாசிவரை அடிக்கும். மார்கழி நடுராத்திரியிலும் சர்வர் ஓட வேண்டும். வருடக் கூட்டுத்தொகையில் இரண்டும் சரியாகிவிடலாம். அந்த ராத்திரியில் எரிவது நிலக்கரியாக இருக்கலாம்.

எதிர்வாதம் இருக்கிறது, நியாயமானதும்கூட. எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டால் மதிப்பீடு முடியவே முடியாது. ஒரு டீக்கடை வைக்கக்கூட உலகத்தையே கணக்கெடுக்க வேண்டியிருக்கும். எங்கேயோ கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். சரி. ஆனால் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ரசீது முடியும் இடத்திலேயே விழுகிறது. தெரியாததையெல்லாம் நாங்கள் விட்டுவிடுவதில்லையே. டாலர் மதிப்பு ஐந்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று தெரியாது, ஆனாலும் ஓர் அனுமானம் போடுகிறோம். எதிர்பாராச் செலவு என்று பத்து சதவீதம் சேர்க்கிறோம். தெரியாமல் இருப்பது தடையே இல்லை. யார் பாடு அது என்பதுதான் தடை.

இன்னொரு எதிர்வாதம் மறுபக்கத்திலிருந்து வரும். கிணற்றுத் தண்ணீருக்கும் தாயின் தூக்கத்துக்கும் ரூபாயில் எண் போடுவதே அவற்றைக் கேவலப்படுத்துவது இல்லையா? எண் போட்டுவிட்டால், அந்தக் காசை வீசிவிட்டுத் தண்ணீரை எடுத்துப் போய்விடுவார்களே? இதில் எனக்கு உடன்பாடு அதிகம். அதனால்தான் இப்போது எனக்குத் தோன்றுகிறது: அந்த வரிக்கு எண் தேவையில்லாமல் இருக்கலாம், ஆனால் வரி தேவை. மொத்தத்தில் சேராவிட்டாலும் தாளில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் அதைப் படித்துவிட்டுப் போட வேண்டும். காலிக் கட்டத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவதும், அதைப் பார்க்காமல் கையெழுத்திடுவதும் ஒரே செயல் அல்ல. தொகை ஒன்றாக இருக்கலாம், பொறுப்பு ஒன்றல்ல.

*

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவின் பழைய மில் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீள நோட்டு, எண்ணெய்க் கறை, நெடி ஏறும் மிளகாய்த்தூள் வாசம். கல் கொத்தியது, பெல்ட் மாற்றியது, டீசல், வரவு. நடுநடுவே சில வரிகள்: ‘ரெண்டாந்தெரு ஆத்தா, கேப்பை 3 கிலோ, கூலி 0’. ‘கண்ணாடிக்காரம்மா, அரிசி 2, கூலி 0’. பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

“காசு வாங்கலன்னா எதுக்குப்பா எழுதி வச்சீங்க? கணக்குல ஒண்ணும் மாறாதே,” என்றேன்.

“மாறாதுதான்,” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எழுதலைன்னா மறந்துரும்டா. குடுத்தது மறந்தாப் பரவால்ல. அந்தப் பழக்கத்துல, அடுத்தவன்கிட்ட வாங்குனதும் மறந்துரும்.”

அவர் இன்ஜினியரிங் படிக்கவில்லை. நல் வேறு, சைபர் வேறு என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். 2012-இல் ராத்திரி முழித்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். “அதெல்லாம் ஒரு கணக்கா? அப்ப வயசு இருந்துச்சு, முழிச்சேன். இப்ப முடியாது,” என்று சிரித்தார். நான் கட்டம் போட்டுக் கொடுத்தாலும் அவர் அதை நிரப்ப மாட்டார். அவர் கணக்குப் பார்க்காதது அவருடைய பெருந்தன்மை. அதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டால், அது என்னுடைய சிறுமை.

இப்போது வேறொரு நிறுவனத்தில் இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் இன்னொரு மதிப்பீடு வந்தது, இன்னொரு வறண்ட மாவட்டத்துக்கு. இந்த முறை வரியைப் போட்டேன். பக்கத்தில் இருக்கும் இரண்டு கண்மாய்களின் பெயரையும், ஒரு நாளைக்கு எத்தனை லாரி என்ற எண்ணையும் எழுதினேன். ‘பாதிப்பு: தெரியவில்லை, அளக்கப்படவில்லை’ என்று கட்டத்துக்குள் போட்டேன். கூட்டத்தில் ஒருவர் கேட்டார், “இதை யார் கேட்டது?” யாரும் கேட்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அந்த வரியைத் தாளின் கடைசிப் பக்க இணைப்புக்கு நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்தினேன். மொத்தத் தொகை மாறவில்லை. முடிவும் மாறும் என்று தோன்றவில்லை.

ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் கடைசிப் பக்கம் வந்ததும் சற்று நின்றார். அந்தக் கண்மாயின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். “இது எங்க இருக்கு?” என்று கேட்டார்.

சொன்னேன்.